நரம்பை உறைய வைத்தல்: கணுக்கால் மூட்டு வேதனைக்கான ஒரு சிகிச்சையின் வரலாறு

இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் வயது ஏற ஏறத் தாமாகவே தேய்ந்துபோவதைப் போலக் கணுக்கால் மூட்டுத் தேய்ந்துபோவதில்லை. முழங்காலின் குருத்தெலும்பு சில இடங்களில் ஐந்தாறு மில்லிமீட்டர் தடிப்பு உடையதாயிருக்கக் கணுக்காலினுடையதோ ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட மெல்லிய போர்வையாகவே அமைந்திருக்கிறது. ஆயினும் எலும்போடு எலும்பு இறுகப் பொருந்திய அமைப்பினால் அது உடலின் பாரம் முழுவதையும் ஆயுள் முழுவதும் தாங்கி நிற்கிறது. அவ்வாறு நிற்க முடியாமல் அது கெட்டுப்போகும்போது, விசாரித்துப் பார்த்தால், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருடைய சரித்திரத்தில் ஒரு பழைய எலும்பு முறிவோ, மறுபடி மறுபடி நேர்ந்த கடுஞ்சுளுக்கோ காரணமாக இருக்கக் காண்கிறோம். இளமையில் விழுந்த அடி நடுவயதில் மூட்டுவாதமாகத் தலையெடுக்கிறது. எனவே இந்நோயாளிகள் முழங்கால் நோயாளிகளைவிட வயதில் இளையவர்களாக, உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய பருவத்தில் இருப்பவர்களாக, இன்னும் பல ஆண்டுகள் நடந்தாக வேண்டியவர்களாக இருக்கிறார்கள் என்ற ஒரு விஷயத்தை, இச்சிகிச்சையின் வரலாற்றை ஆராய்வோர் முதற்கண் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ரண சிகிச்சை இவர்களுக்கு அளித்த உபாயங்கள் இரண்டு. மூட்டை அசையாதபடி ஒன்றாக இணைத்துவிடுவது ஒன்று. உலோகத்தாலான மாற்று மூட்டைப் பொருத்துவது மற்றொன்று. முதலாவதை எடுவர்ட் ஆல்பர்ட் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இளம்பிள்ளை வாதத்தால் தொய்ந்துபோன கால்களை நிலைநிறுத்தும் பொருட்டுத் தொடங்கிவைத்தார். இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1951இல் எலும்புகளை இருபுறமும் அழுத்திப் பிடித்து இணையச் செய்யும் முறையை வெளியிட்டு அதனை உறுதிப்படுத்தினார். இணைந்த மூட்டு வலிப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் அது இழந்த அசைவைப் பக்கத்து மூட்டுகள் ஈடுசெய்ய வேண்டியிருப்பதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அவையும் தேயத் தொடங்கிவிடுகின்றன. இரண்டாவது உபாயத்தைப் பிரான்ஸில் லார்டும் மரோத்தும் 1970இல் கையாண்டார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது, அவர்கள் பொருத்திய 25 மூட்டுகளில் ஏழு மட்டுமே திருப்திகரமாக இருந்தன, 12 முற்றிலும் தோற்றுவிட்டன. பின்னர் வந்த மாற்று மூட்டுகள் எவ்வளவோ மேம்பட்டவை. இருப்பினும், நாற்பது வயதுடைய ஒருவருக்கு இன்று பொருத்துவது அவர் எழுபதை எட்டும்வரை நிலைக்குமா என்ற சந்தேகம் வைத்தியர்களை விட்டு முற்றிலும் அகன்றதில்லை. ஊன்றுகோல், கால்பட்டை, வலி மாத்திரை, மூட்டுக்குள் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றுக்கும் ரண சிகிச்சைக்கும் நடுவே பெரிதாக ஓர் இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியில் புகுந்ததே நரம்பை உறையவைக்கும் சிகிச்சை.

மூட்டைத் தொடாமல் அதன் வேதனையைச் சுமந்துசெல்லும் நரம்பை மாத்திரம் அடக்கிவிடலாம் என்ற எண்ணம் புதியதன்று. ம்யூனிக் நகரத்து உடற்கூற்று அறிஞர் நிக்கோலாஸ் ரூடிங்கர் 1857இல் மனித உடலின் மூட்டு நரம்புகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அடுத்து வந்த லண்டன் ரண வைத்தியர் ஜான் ஹில்டன், ஒரு மூட்டை அசைக்கும் தசைகளுக்குச் செல்லும் நரம்புகளே அம்மூட்டுக்கும் கிளைகளை அனுப்புகின்றன என்று எடுத்துரைத்து, ஓய்வையும் வேதனையையும் பற்றிய தம் பிரசங்கங்களை 1863இல் நூலாக வெளியிட்டார். அந்த விதி கணுக்காலின் விஷயத்தில் ஒரு சங்கடத்தைக் கூடவே கொண்டுவந்தது. அதனை அசைக்கும் தசைகள் பல; ஆகவே அதற்கு வரும் நரம்புகளும் பல. டிபியல் நரம்பு பின்புறத்திலிருந்தும், ஆழ்ந்த பெரோனியல் நரம்பு முன்புறத்திலிருந்தும், சூரல், சஃபீனஸ், மேலோட்டமான பெரோனியல் ஆகியவை பக்கங்களிலிருந்தும் அதற்குக் கிளைகளைத் தருகின்றன. 1951இல் காஸக்ராண்டே, ஆஸ்டின், இண்டெக் என்னும் மூவர், கணுக்காலின் நரம்புகளை அறுத்துவிடும் சிகிச்சையைப் பற்றி எலும்பு-மூட்டு ரண சிகிச்சைக்குரிய புகழ்பெற்ற சஞ்சிகையின் அமெரிக்கப் பதிப்பில் எழுதினார்கள். சார்ன்லியின் கட்டுரை வந்ததும் அதே ஆண்டில், அதே சஞ்சிகையின் பிரிட்டிஷ் பதிப்பில்தான். மூட்டை அழித்து வேதனையை ஒழிப்பது, நரம்பை அழித்து வேதனையை ஒழிப்பது என்ற இரண்டு மார்க்கங்களும் ஒரே சமயத்தில் வாசகர் முன் வைக்கப்பட்டன. வைத்திய உலகம் முதலாவதைத் தழுவிக்கொண்டது, இரண்டாவதை ஏறக்குறைய மறந்துவிட்டது.

மறந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. உணர்ச்சியற்ற மூட்டு என்ன கதிக்கு ஆளாகும் என்பதைப் பாரிஸில் ஷார்க்கோ 1868இலேயே காட்டியிருந்தார்: முதுகுத்தண்டின் நோயால் வலியறியும் சக்தியை இழந்தவர்களின் மூட்டுகள், தடுப்பார் இன்றி நொறுங்கிப் போவதை அவர் விவரித்தார். இதே பாடத்தை இன்னும் அழுத்தமாகக் கற்பித்த இடம் நமது வேலூர். 1946இல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், குஷ்டரோகிகளின் கைகால்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, விரல்கள் குறைந்துபோவது நோயின் அழுகலினால் அன்று, வலி தெரியாத உறுப்பு ஓயாமல் காயமுறுவதினாலேயே என்பதைத் தெளிவுபடுத்தினார். உள்ளங்காலில் முள் தைத்தாலும், செருப்பின் ஆணி குத்தினாலும் அறியாமல் நடந்துசென்றவர்களின் பாதங்களைக் கண்ட ஒரு வைத்தியரிடம், கணுக்கால் வலிக்காகப் பாதத்தின் உணர்ச்சியை அறுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் என்ன மறுமொழி தந்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. மேலும், அறுத்த நரம்பு சும்மா இருப்பதுமில்லை. அதன் நுனி கண்டபடி வளர்ந்து முடிச்சாகத் திரண்டு, பழைய வேதனையினும் கொடிய புதிய வேதனைக்கு வித்திடுவதுண்டு. சாராயத்தையோ ஃபீனாலையோ செலுத்தி நரம்பை எரித்துவிடும் முறைகளிலும் பக்கத்திலுள்ள இழையங்கள் சேதமுறும் அபாயம் இருந்தது. தேவைப்பட்டது, ஒரு தவணைக்கு மாத்திரம் நரம்பை மௌனமாக்கி, அத்தவணை முடிந்தபின் அதனை முன்போலவே எழுந்திருக்கச் செய்யும் ஒரு சாதனம். அது குளிர்தான் என்று கண்டுகொள்வதற்கு வைத்திய சாஸ்திரத்துக்கு வெகுகாலம் பிடித்தது. குளிரை அது அறியாதிருந்ததால் அல்ல. அறிந்திருந்த குளிரின் எந்தக் குணம் பயன் தரும் என்பதைத் தவறாக எடைபோட்டிருந்ததால்தான்.

ஹிப்போகிராட்டீஸின் பெயரால் வழங்கும் சூத்திரங்களிலேயே, புண்ணில்லாத மூட்டு வீக்கங்களுக்கும் கீல்வாதத்துக்கும் சுளுக்குக்கும் குளிர்ந்த தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் உறுப்பு ஓரளவு மரத்து வேதனை குறையும் என்ற கருத்து காணப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்து மார்க்கோ அவுரேலியோ ஸெவெரினோ, ரண சிகிச்சைக்கு முன் தோலின்மீது பனியைப் பூசி மரக்கச் செய்தார். அவரிடமிருந்து இதனை அறிந்த டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலின் 1661இல் பனியின் வைத்தியப் பயன்பற்றி ஒரு நூல் எழுதினார். பனியைப் பரப்பி வைக்காமல் குறுகிய கோடுகளாக இடவேண்டும், இல்லையேல் சதை அழுகிவிடும் என்ற எச்சரிக்கை அந்நூலில் உண்டு. குளிர் மருந்தாகவும் விஷமாகவும் இருக்கக்கூடும் என்பதை இவ்வளவு நுட்பமாக அக்காலத்தில் உணர்ந்திருந்தது வியப்புக்குரியது. 1807 பிப்ரவரியில் ஐலாவ் போர்க்களத்தில் நெப்போலியனின் ரண வைத்தியர் லாரே, கடுங்குளிரில் கிடந்த சிப்பாய்களின் உறுப்புகளைத் துண்டித்தபோது அவர்கள் வழக்கத்தைவிடக் குறைவாகவே வேதனைப்பட்டதைக் கண்டு குறித்துவைத்தார். இவை யாவும் தற்செயலான அநுபவங்கள். குளிரை ஒரு முறைப்படுத்திய சிகிச்சையாக ஆக்கியவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் வாழ்ந்த ஜேம்ஸ் ஆர்னாட்.

ஆர்னாட்டைப் பற்றிச் சிறிது விரித்தே சொல்ல வேண்டும்; ஏனெனில் இவ்வரலாற்றில் நியாயமாகக் கிடைக்கவேண்டிய புகழ் கிடைக்காமற் போனவர் அவர். இடித்த பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் கலவையின் உஷ்ணம் பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கும் என்பது பழைய அறிவு. அக்கலவையைக் கொண்டு பூஜ்யத்துக்குக் கீழ் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரை உண்டாக்கி, அதனை உடலின் குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட நேரம் பிரயோகிக்கும் கருவிகளை ஆர்னாட் 1840களின் பிற்பகுதியிலும் 1850களிலும் வகுத்தார். மார்பகப் புற்றுநோயாலும் கருப்பைப் புற்றுநோயாலும் துடித்தவர்களுக்கு அதனால் வேதனை தணிந்தது. புண்ணின் கசிவும் குறைந்தது. நரம்பு வலிக்கும் தலைவலிக்கும் அவர் அதையே கையாண்டார். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அவருடைய கருவி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் காலம் அவருக்கு அநுகூலமாக இல்லை. 1847இல் ஸிம்ப்ஸன் குளோரோபார்மைப் புகுத்திவிட்டார். நோயாளியை முழுவதும் உறங்கவைத்துவிடும் அந்த அற்புதத்தின் முன் உப்பும் பனிக்கட்டியும் அற்பமாகத் தோன்றின. 1848 ஜனவரியில், கால்விரல் நகத்தை எடுக்கும் சிறு காரியத்துக்காகக் குளோரோபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுப் பெண் ஒருத்தி சில நிமிஷங்களில் மரணமடைந்ததைப் போன்ற சம்பவங்களைச் சுட்டிக்காட்டி, சிறு சிகிச்சைகளுக்குக் குளிரே பத்திரமானது என்று ஆர்னாட் விடாது வாதாடினார். வாதத்தில் நியாயம் இருந்தது, கேட்பவர்தாம் இல்லை. இன்று நரம்பை நெடுநாள் மௌனமாக்குவதற்கு வேண்டிய குளிர் என்று நாம் அறிந்திருக்கும் எல்லையை அவருடைய கலவை ஏறக்குறையத் தொட்டிருந்தது. எனினும் அக்குளிர் தோலின் மேலிருந்து இறங்க வேண்டியிருந்தபடியால், ஆழத்தில் கிடக்கும் நரம்பை அந்த அளவில் சென்றடைய அதற்கு வழியில்லை.

அடுத்த நூறாண்டில் குளிரின் ஆழம் பெருகிய கதையைச் சுருங்கவே சொல்லிவிடலாம். 1866இல் ரிச்சர்ட்ஸன் ஈதரைத் தூவித் தோலை மரக்கச் செய்தார். பின்னர் எதில் குளோரைடு அவ்விடத்தைப் பிடித்தது. இன்றும் விளையாட்டுத் திடலில் கணுக்கால் பிசகிய வீரனின்மேல் பீய்ச்சப்படும் தெளிப்பான் அந்த வமிசத்தைச் சேர்ந்ததே. 1877இல் பிராணவாயு திரவமாக்கப்பட்டது. 1895இல் லிண்டே காற்றையே பெருமளவில் திரவமாக்கினார். 1899இல் நியூயார்க்கில் காம்ப்பெல் ஒயிட் திரவக் காற்றைத் தோல் நோய்களுக்குப் பிரயோகித்தார். ஆனால் இவர்கள் அனைவருக்கும் குளிர், வேண்டாத சதையை அழிக்கும் ஆயுதமே. நரம்பைப் பொறுத்தவரையில் குளிருக்கு வேறொரு தன்மை உண்டு என்பதை 1917இல் ட்ரெண்டலன்பர்க் செய்த பரிசோதனைகள் காட்டின: உறையவைத்த நரம்பு செயலிழந்தது, ஆயினும் அதன் சட்டகம் சிதையவில்லை, முடிச்சும் விழவில்லை.

இந்தச் செய்தியின் முழு அர்த்தமும் விளங்குவதற்கு மற்றொரு துறையின் உதவி வேண்டியிருந்தது. அகஸ்டஸ் வாலர் என்பவர் 1850இல், தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துப் பார்த்து, வெட்டுக்கு அப்பாலுள்ள நரம்பிழை முழுவதும் சிதைந்துபோவதை விவரித்திருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆக்ஸ்போர்டில் காயமுற்ற சிப்பாய்களின் நரம்புகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் ஸெடன் 1943இல் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். தற்காலிகமாகச் செய்தி தடைப்படுவது முதல் வகை. உள்ளிருக்கும் இழை அறுந்து வெளிக்குழாய் மட்டும் எஞ்சியிருப்பது இரண்டாவது. குழாயும் இழையும் சேர்ந்து அறுந்துபோவது மூன்றாவது. இரண்டாம் வகையில், எஞ்சிய குழாயின் வழியே புதிய இழை ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து, வழிதவறாமல் பழைய இடத்தையே சென்றடைந்துவிடுகிறது. குளிர் உண்டாக்குவது இந்த இரண்டாம் வகைக் காயம். கத்தி உண்டாக்குவதோ மூன்றாம் வகை.

கருவி 1960களில் கிடைத்தது. நியூயார்க்கில் இர்விங் கூப்பர் 1961இல், நுனியைத் தவிர மற்ற பாகம் முழுவதும் வெற்றிடத்தால் காப்பிடப்பட்ட ஒரு சலாகையின் வழியே, பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைச் செலுத்தி, நடுக்குவாத நோயாளிகளின் மூளைக்குள்ளே குறித்த இடத்தை உறையவைத்தார். 1967இல் தென்னாப்பிரிக்கக் கண் வைத்தியர் அமாய்ல்ஸ், அழுத்தி அடைத்த வாயுவைச் சிறு துவாரத்தின் வழியே விரியவிட்டால் அது குளிரும் என்று ஜூலும் தாம்ஸனும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் கண்ட நியாயத்தைப் பின்பற்றி, எளிய சலாகை ஒன்றை அமைத்தார். அதில் கரியமில வாயுவோ நைட்ரஸ் ஆக்ஸைடோ பயன்பட்டது. 1844இல் ஹோரஸ் வெல்ஸ் பல் பிடுங்கும்போது முகரச்செய்த அதே சிரிப்பு வாயு, இப்போது மூக்கினுள் போகாமல் ஊசிக்குள்ளேயே சுழன்று திரும்பி, வேதனையை வேறொரு வாயிலில் நின்று தடுக்கும் பணியை மேற்கொண்டது.

ஸெடனின் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டனில் வலி நிவாரணச் சிகிச்சை நடத்திவந்த லாய்ட், பார்னார்ட், கிளின் என்னும் மூவர், 1976இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையே இம்முறையைத் தனியொரு சிகிச்சையாக நிலைநாட்டியது. தீராத வலியுடைய 64 பேருக்கு நரம்பை உறையவைத்தார்கள். 52 பேருக்கு நிவாரணம் கிட்டியது. நிவாரணத்தின் நடுத்தரக் காலம் 11 நாள். மிக அதிகம் 224 நாள். பதினொரு நாள் என்பதைக் கண்டு அக்காலத்து வாசகர் சிலர் உதட்டைப் பிதுக்கியிருக்கக்கூடும். ஆயினும் அவர்களுடைய கட்டுரையின் சிறப்பு அந்த எண்ணில் இல்லை என்பது என் துணிபு. நரம்பு மீண்டும் வளர்வதை ஒரு குறையாக மன்னிப்புக் கோரும் குரலில் சொல்லாமல், திரும்பத் திரும்பச் செய்யக்கூடியதும் நிரந்தரத் தீங்கு விளைவிக்காததுமான ஒரு முறை என்பதையே அவர்கள் முன்னிறுத்தினார்கள். ஆர்னாட் முதல் கூப்பர் வரையில் குளிரின் வலிமையைப் பெருக்குவதே நோக்கமாயிருக்க, இவர்களோ அதன் வலிமைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதையே அதன் பெருமையாகக் கண்டார்கள்.

அந்த வரம்பைக் கணக்கிட்டதும் அதே ஆக்ஸ்போர்டு வட்டாரம்தான். நரம்பை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் பருத்த இழைகள் செய்தி கடத்துவதை நிறுத்துகின்றன. பூஜ்யத்தை எட்டும்போது எல்லா இழைகளும் ஓய்ந்துவிடுகின்றன. ஆனால் வெப்பம் திரும்பியதும் அவை உடனே விழித்துக்கொள்ளும். எவன்ஸ், லாய்ட், கிரீன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட பரிசோதனைகள், நெடுநாள் நீடிக்கும் அடைப்புக்குப் பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியையாவது தொடவேண்டும் என்று காட்டின. அதற்குக் கீழே போனால் பனிப்படிகங்களும், நரம்பைப் போஷிக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சேதமுறுவதால் உண்டாகும் வீக்கமும் சேர்ந்து இழையை அறுக்கின்றன, குழாய் நிற்கிறது. பூஜ்யத்துக்குக் கீழ் 140 டிகிரியையும் தாண்டி இறங்கிவிட்டால் குழாயும் நிற்காது. நைட்ரஸ் ஆக்ஸைடின் கொதிநிலை ஏறத்தாழ 88 டிகிரி பூஜ்யத்துக்குக் கீழ். அதற்கும் கீழே அது செல்ல இயலாது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவில் அதன் கொதிநிலை விழுந்திருப்பது இயற்கை செய்த ஓர் உபகாரமென்றே சொல்லலாம்: வைத்தியர் கவனக்குறைவாக இருந்தாலும் அவ்வாயு வரம்பு மீறுவதில்லை.

இருந்தும் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் இம்முறை நெஞ்சறை ரண சிகிச்சைக்குப் பின் விலாநரம்புகளை உறையவைப்பது முதலிய சில துறைகளோடு ஒதுங்கியே நின்றது. சலாகையின் நுனியில் உண்டாகும் பனியுருண்டை சில மில்லிமீட்டர் அளவினதே. நரம்பை அது கவ்வாவிட்டால் பயனில்லை. கவ்வியதா என்று கண்ணால் பார்க்க வழியுமில்லை. 21ஆம் நூற்றாண்டில் அல்ட்ராசவுண்டு படம் வைத்தியரின் மேஜைக்கு வந்தபின் இக்குறை நீங்கியது: நரம்பும் தெரிகிறது, அதனைச் சூழ்ந்து கரிய முட்டைபோல் பனியுருண்டை வளர்வதும் தெரிகிறது. கையில் அடங்கும் சிறு கருவியும் வந்தது. கலிபோர்னியாவில் உருவான ஐயோவேரா என்னும் அக்கருவி, முதலில் நெற்றிச் சுருக்கத்தைப் போக்குவதற்காக முகத்தின் இயக்க நரம்புகளைக் குளிர்விக்க முயன்றது என்பதை அறியும்போது சிரிப்பு வருகிறது. வைத்திய சாஸ்திரத்தின் பாதைகள் அப்படித்தான். 2017இல் ராட்னோவிச் முதலியோர், முழங்கால் தேய்வுடைய 180 பேரில் ஒரு பகுதியினருக்கு மெய்யான குளிரும் மற்றோருக்குப் பாவனைச் சிகிச்சையும் அளித்து ஒப்பிட்ட ஆய்வில், முழங்காலின் முன்புறத் தோலுக்குச் செல்லும் சஃபீனஸ் கிளையை உறையவைத்தவர்களின் வலி 90 நாள்வரை கணிசமாகக் குறைந்திருந்தது. அமெரிக்க அரசின் உணவு-மருந்து நிர்வாகம் அவ்வாண்டிலேயே முழங்கால் தேய்வுக்கென அக்கருவிக்கு இசைவளித்தது.

கணுக்காலுக்கு வந்தவர்கள் முழங்காலின் வழியாகவே வந்தார்கள்; ஆனால் வழி அங்கே போல் நேரானதாக இல்லை. முழங்காலில் உறையவைத்த கிளை தோலுணர்ச்சியை மட்டும் சுமப்பது. கணுக்காலில் எந்த நரம்பைத் தொடுவது என்ற கேள்வியே சிகிச்சையின் பாதி. சூரலும் சஃபீனஸும் மேலோட்டமான பெரோனியலும் அவ்விடத்தில் உணர்ச்சி நரம்புகளே. அவற்றை உறையவைத்தால் பாதத்தின் ஓரத்திலோ மேற்புறத்திலோ சில மாதங்கள் மரத்திருக்கும், அவ்வளவே. ஆழ்ந்த பெரோனியல் கணுக்காலை அடையும்போது, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள சிறு தோற்பரப்புக்கும், பாதத்தின் மேலுள்ள ஒரு குறுந்தசைக்கும், மூட்டுகளுக்குமே பெரிதும் உரியதாகிவிடுகிறது. எனவே அதனை இழப்பதால் நேரும் நஷ்டம் சிறிது, கிடைக்கும் ஆதாயம் பெரிது. டிபியல் நரம்பின் நிலை வேறு. உள்ளங்கால் முழுவதன் உணர்ச்சியும், பாதத்தின் வளைவைக் காக்கும் சிறு தசைகளும் அதனிடம் இருப்பதால், அதன் தண்டை உறையவைப்பது, வேலூரில் பிராண்ட் கண்ட பாதத்தைச் சில மாதங்களுக்கேனும் நாமே வலிய உண்டாக்குவதாகும். மூட்டுக்குள் பிரியும் கிளையை மாத்திரம் தேடிப் பிடிக்க முடியுமாயின் அது வேறு விஷயம். ஷார்க்கோவின் எச்சரிக்கைக்கும் இங்கே ஒரு பகுதி விடை இருக்கிறது. ஹில்டனின் விதிப்படி இம்மூட்டுக்குப் பல வாயில்கள் உண்டு. இரண்டை அடைத்தாலும் மற்றவை திறந்திருக்கும். அடைத்தவையும் தவணை முடிந்ததும் திறந்துகொள்ளும்.

இச்சிகிச்சைக்கு முன்னோட்டமாக, மரக்கச் செய்யும் லிடோகெயினைச் சில சொட்டு உறையவைக்க எண்ணும் நரம்பின் அருகே செலுத்தி, நோயாளியை எழுந்து நடக்கவும் படியேறவும் செய்து பார்ப்பது வழக்கம். அந்தச் சில மணி நேரத்தில் வலி பெரிதும் குறையாதவருக்குக் குளிர் உதவப்போவதில்லை. குளிரைக் கண்டால் தோல் தடித்துப்போகிறவர்களும், விரல் வெளுத்துச் சுருங்கும் ரேனோ நோய் உடையவர்களும், குளிரில் உறையும் புரதம் ரத்தத்தில் உள்ளவர்களும் இச்சிகிச்சைக்கு ஏற்றவர்கள் அல்லர். உறுப்பிழந்தோரின் மாய வலிக்கு இம்முறை பயன்படுமா என்று இல்ஃபெல்ட் முதலியோர் பல மருத்துவமனைகளில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், பாவனைச் சிகிச்சையைவிட மேலான பயன் எதுவும் கிட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லா வலியும் நரம்பின் நுனியிலிருந்தே புறப்படுவதில்லை.

இழை வளரும் வேகம் அதிகம் மாறாதது என்பதால், உறையவைத்த இடத்துக்கும் மூட்டுக்கும் உள்ள தூரமே நிவாரணத்தின் ஆயுளைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. கணுக்காலுக்கு ஓரிரு விரற்கடை மேலே உறையவைத்தால் இழை விரைவில் ஊர்ந்து வந்து சேர்ந்துவிடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே உறையவைத்தால் காலம் நீளும், ஆனால் அவ்வளவு உயரத்தில் ஆழ்ந்த பெரோனியல் இன்னும் பாதத்தை மேலே தூக்கும் தசைகளின் நரம்பாகவே இருப்பதால், நோயாளி பாதத்தை இழுத்து நடக்க நேரும். ஆகவே இன்று இச்சிகிச்சையைக் கையாளும் வைத்தியர், பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கான கிளைகள் அனைத்தும் பிரிந்துபோன பிறகு, மூட்டுக்கிளை பிரிவதற்கு முன்பு உள்ள அந்தச் சிறு துண்டு நரம்பை அல்ட்ராசவுண்டு திரையில் தேடுகிறார்.